முதல் லீற்றர் வெளியே போகட்டும்

இங்கிலாந்தில் தொடர்மாடியில் வாடகைக்கு இருக்கும் குடும்பமொன்றின் கடுதாசிப் பையைக் கிண்டிப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டு தாள்கள் அகப்படும். ஒன்று வாடகை ஒப்பந்தம். நாய் வளர்க்கக்கூடாது, சுவரில் ஆணி அடிக்கக்கூடாது என்பவற்றோடு சேர்த்து, பல்கனியிலோ யன்னலிலோ வெளியே தெரியும்படி உடுப்புக் காயப்போடக்கூடாது என்று நடுவில் ஒரு வரி இருக்கும். மற்றது மார்கழி, தை மாதங்களில் கதவுத் துவாரத்தால் வந்து விழும் துண்டுப்பிரசுரம். பூஞ்சணத்தைத் தவிர்ப்பது எப்படி என்று தலைப்பு. சமைக்கும்போது சட்டியை மூடுங்கள், குளித்த பிறகு யன்னலைத் திறவுங்கள், வீட்டுக்குள் உடுப்புக் காயப்போடாதீர்கள்.

வெளியேயும் கூடாது. உள்ளேயும் கூடாது. அப்ப எங்கதான் போடுறது?

பகிடிக்குக் கேட்கிற கேள்வி இல்லை இது. குளிர்காலத்தில் ஈர உடுப்பை எங்கே தொங்கவிடுவது என்பது இங்கே வாடகைக்கு இருப்பவர்களுக்கு மூச்சோடு சம்பந்தப்பட்ட விடயம். பெற்றோல் ஸ்ரேஷனில் இரவு வேலை முடித்து வருகிறவரின் யூனிபோம், முதியோர் பராமரிப்புக்குப் போகிற அக்கா ஒவ்வொரு நாளும் தோய்க்க வேண்டிய மேலங்கி, பிள்ளையின் இரண்டே இரண்டு பள்ளிக்கூடச் சேட்டு. இவை திங்கட்கிழமை விடியக் காய்ந்திருக்க வேண்டும். மழை இல்லாத எந்த நாளிலும், அது தை மாதமாக இருந்தாலும், உடுப்பை வெளியே காயப்போடுவது குடியிருப்பவரின் உரிமை. பார்வைக்கு வடிவில்லை என்று அதைத் தடுப்பவர்கள், அந்த வடிவுக்கான செலவை வீட்டுக்குள் இருக்கும் பிள்ளைகளின் சுவாசப்பையில் எழுதிவைக்கிறார்கள்.

கணக்கைப் பார்ப்போம். சாதாரண தர விஞ்ஞானம் போதும். ஒருமுறை மெஷின் நிறையத் தோய்த்து, நன்றாகச் சுழற்றிப் பிழிந்து எடுத்த பிறகும் அந்த உடுப்புகளில் ஏறத்தாழ இரண்டு லீற்றர் தண்ணீர் நிற்கும். 20 பாகை வெப்பநிலையில் இருக்கும் காற்று ஒரு கன மீற்றருக்கு 17 கிராம் அளவு நீராவியைத்தான் தாங்கும். 50 சதுர மீற்றர் பிளாற், கூரை உயரம் 2.4 மீற்றர் என்றால் உள்ளே இருப்பது 120 கன மீற்றர் காற்று. பெருக்கிப் பார்த்தால் அந்த வீட்டுக் காற்று முழுவதும் கொள்ளக்கூடிய நீராவி இரண்டு லீற்றர்தான், கொஞ்சம் கூட. அதிலும் பாதிக்கு மேலே எங்கள் மூச்சும் சோற்றுப்பானையும் குளியலறையும் ஏற்கெனவே நிரப்பி வைத்திருக்கும். அந்த வீட்டுக்குள் கொண்டுபோய் இன்னும் இரண்டு லீற்றரை விரித்துவிட்டால் அது எங்கே போகும்? யன்னல் கண்ணாடிக்குப் போகும். அலுமாரிக்குப் பின்னாலுள்ள வடக்குச் சுவருக்குப் போகும். மெத்தைக்கும் தரைக்கும் இடையில் போகும். அங்கே கறுப்புப் புள்ளி புள்ளியாகப் பூஞ்சணம் படரும். பிள்ளைக்கு இரவில் முட்டு இழுக்கும்.

யன்னலைத் திற என்கிறது பிரசுரம். விஞ்ஞானப்படி சரிதான். வெளியே 5 பாகைக் குளிரில் இருக்கும் காற்று எவ்வளவு ஈரமாகத் தெரிந்தாலும், அதை உள்ளே எடுத்து 20 பாகைக்குச் சூடாக்கினால் சரியான உலர் காற்றாகிவிடும். ஆனால் அந்தச் சூடாக்கும் செலவை யார் கட்டுவது? ஹீற்றரை ஒரு மணித்தியாலம் போடுவதா இரண்டு மணித்தியாலம் போடுவதா என்று மீற்றரைப் பார்த்துப் பார்த்து முடிவெடுக்கிற வீட்டில், றேடியேற்றர் மேல் ஈரச் சாரத்தையும் போட்டுவிட்டு யன்னலையும் திறந்து வைக்க ஒருவருக்கும் மனம் வராது. எனக்கும் வராது.

கிளாஸ்கோவில் மக்கின்ரொஷ் கட்டடக்கலைப் பள்ளியின் ஆய்வாளர்கள் 100 வீடுகளில் போய் இதைப் பார்த்தார்கள். குளிர்காலத்தில் 87 வீதமானோர் உடுப்பை உள்ளேதான் காயப்போட்டார்கள். வீட்டு ஈரத்தில் மூன்றில் ஒரு பங்கு வரைக்கும் அதிலிருந்து வருவதாகக் கண்டார்கள். உடுப்புக் காயவைக்கத் தனி இடம் வைத்துத்தான் வீடு கட்ட வேண்டும் என்று சொன்னார்கள். அந்தச் செய்தி வந்தபோது பேப்பர்கள் எல்லாம் பிடித்துக்கொண்டது முதல் பாதியை மட்டும்: வீட்டுக்குள் உடுப்புக் காயப்போடுவது ஆபத்து. இடம் கட்டிக்கொடு என்ற பின்பாதி வீட்டுச் சொந்தக்காரர்களுக்குச் சொன்னது. முன்பாதியை வைத்துக் குடியிருப்பவருக்குப் புத்தி சொல்லலாம். துண்டுப்பிரசுரம் அப்படித்தான் பிறக்கிறது.

2020 டிசெம்பரில், மான்செஸ்ரருக்குப் பக்கத்திலுள்ள ரொச்டேலில், அவாப் இஷாக் என்ற குழந்தை இறந்தது. இரண்டாவது பிறந்தநாள் கழிந்து எட்டே நாள். சூடானிலிருந்து வந்த குடும்பம், ஒரு படுக்கையறை பிளாற். பூஞ்சணம் பிடிக்கிறது என்று தகப்பன் 2017 இலேயே சொல்லியிருந்தார். மேலால் பெயின்ற் அடிக்கச் சொன்னார்கள். பூஞ்சணத்தில் நீண்ட நாள் இருந்ததால் வந்த சுவாச நோயே மரணத்துக்குக் காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணையில் தீர்ப்பானது. அந்த வீட்டில் பிரச்சினை உடுப்பு அல்ல, காற்றோட்டம் போதாத கட்டடம். ஆனால் வீடமைப்புச் சங்கம் என்ன நினைத்திருந்தது? அந்தக் குடும்பம் குளிக்கிற விதம், சமைக்கிற விதம், அவர்களின் 'வாழ்க்கைமுறை'தான் ஈரத்துக்குக் காரணம் என்று. அப்படி ஊகித்தது பிழை என்று பிறகு அவர்களே ஒப்புக்கொண்டார்கள். அவாப் இறந்து ஒரு வருடமாவதற்குள், 2021 ஒக்ரோபரில், வீடமைப்பு முறைப்பாடுகளை விசாரிக்கும் ஒம்புட்ஸ்மன் பூஞ்சணம் பற்றி வெளியிட்ட அறிக்கையின் தலைப்பே 'அது வாழ்க்கைமுறை அல்ல' என்பதுதான். 2023 ஆம் ஆண்டின் சட்டத்தில் அவாபின் பெயரால் ஒரு பகுதி சேர்க்கப்பட்டு 2025 ஒக்ரோபரிலிருந்து நடைமுறைக்கு வந்திருக்கிறது. கடுமையான ஈரமோ பூஞ்சணமோ பற்றி முறைப்பாடு வந்தால் 10 வேலை நாட்களுக்குள் வந்து பார்க்க வேண்டும். முதலில் சமூக வீடமைப்புக்கு மட்டும். தனியாரின் கடைக்கு மேலே, பின்வளவுக் கொட்டிலில், ஒரு வீட்டை ஆறாகப் பிரித்த அறையில் இருக்கிற எங்கள் புதுப் பெடியளுக்கு அது இன்னும் தூரம்.

'வாழ்க்கைமுறை' என்ற சொல்லை நான் ஏன் இவ்வளவு பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்றால், எங்கள் சமையலறைக் கறி மணமும் றேடியேற்றரில் தொங்கும் உடுப்பும் அந்தச் சொல்லுக்குள் ஒன்றாகப் போடப்படுகின்றன. 2017 இல் கென்ற் பக்கத்து வீட்டுச் சொந்தக்காரர் ஒருவர், கறி மணம் வீட்டில் ஒட்டிக்கொள்கிறது, 'நிறமுள்ள' ஆக்களுக்கு வீடு கொடுக்க வேண்டாம் என்று முகவர்களுக்கு எழுதினார். நீதிமன்றம் அது சட்டவிரோதம் என்றது. இன்றைக்கு அப்படி வெளிப்படையாக எழுதுகிற மடையர்கள் குறைவு. ஈரம், காற்றோட்டம், வாழ்க்கைமுறை என்று எழுதுகிறார்கள்.

சரி, வெளியே போடக்கூடாது என்பதற்கு அவர்கள் சொல்லும் காரணங்களுக்கு வருவோம்.

முதல் காரணம் வடிவு. கட்டடத்தின் தோற்றம் கெடும், விலை இறங்கும். நான் முன்பு இருந்த தொடர்மாடியில் நிர்வாகக் கம்பனி பல்கனிகளைப் படமெடுத்துப் படத்தோடு கடிதம் அனுப்பும். எனக்கு மேல்வீட்டில் இருந்த ஒருவருக்கு வந்த கடிதத்தில் இருந்தது ஒரு குழந்தையின் நித்திரை உடுப்பும் இரண்டு சோடி காலுறையும். அந்த வளாகத்துக்குப் பக்கத்துப் பப்பில், தெருவுக்குக் குறுக்கே கொடி கட்டி வெள்ளைப் படுக்கை விரிப்புகள் காற்றில் உப்பி நிற்கும் பழைய கறுப்பு வெள்ளைப் படமொன்று சட்டம் போட்டுத் தொங்கியது. இறந்துபோன தொழிலாளர்களின் உடுப்பு கலை. உயிரோடு இருப்பவர்களின் உடுப்பு குப்பை. விடுமுறைக்கு நேப்பிள்ஸ் போய் ஒழுங்கைக்கு மேலே தொங்கும் உடுப்புகளுக்குக் கீழே நின்று படம் எடுத்துப் போடுகிறவர்களும் இந்த நாட்டுக்காரர்தான்.

இன்னொரு வேடிக்கை. இந்த நாட்டில் காற்று மிக மோசமாக இருந்த காலத்தில்தான் எல்லோரும் வெளியே காயப்போட்டார்கள். வீட்டுக்கு வீடு நிலக்கரி எரிந்து கரித்தூள் கொட்டிய தெருக்களில் பெண்கள் கொடி கட்டி உடுப்புக் காயவைத்தார்கள். கரி படிந்தால் திரும்பத் தோய்த்தார்கள். 1952 டிசெம்பர்ப் புகைமூட்டம் லண்டனில் ஆயிரக்கணக்கில் ஆட்களைக் கொன்ற பிறகு, 1956 இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. காற்றும் மெல்ல மெல்லத் தெளிந்தது. இப்போது, உடுப்பில் கரி படியாத காலத்தில், உடுப்பை உள்ளே எடு என்கிறார்கள். கிளாஸ்கோ நகரத்துக்கு நடுவில் இருக்கும் கிளாஸ்கோ கிரீன் என்ற பெரிய புல்வெளியில் உடுப்புத் தோய்த்துக் காயவைப்பது அந்த ஊர்ச் சனத்தின் பழைய உரிமை. கொடி கட்டும் இரும்புக் கம்பங்கள் இன்றைக்கும் அங்கே வரிசையாக நிற்கின்றன. பழைய கல் தொடர்மாடிகளின் பின்முற்றத்திலும் அப்படித்தான், பொதுக் கொடி. ஏழைகள் நெருக்கி அடித்து வாழ்ந்த அந்தக் கட்டடங்களில்கூட உடுப்புக் காய ஒரு இடம் வேண்டும் என்று கட்டியவனுக்குத் தெரிந்திருந்தது. இன்றைய கட்டடத்தில் சைக்கிளுக்கு அறை, பார்சலுக்கு அறை, சிலவற்றில் நாய் குளிப்பாட்டவும் அறை. உடுப்புக்கு இல்லை.

இரண்டாவது காரணம் நெருப்பு. இதை நான் தட்டிக் கழிக்க மாட்டேன். மேல்மாடியில் ஒருவர் எறியும் சிகரெற் துண்டு கீழ்வீட்டுத் துவாயில் விழலாம். ஆனால் 2017 இல் கிரென்ஃபெல் கோபுரத்தில் 72 பேர் செத்தது கொடியில் கிடந்த சேட்டால் அல்ல. செலவைப் பார்த்துச் சுவருக்கு வெளியே பொருத்திய எரியக்கூடிய மூடுபலகைகளில்தான் நெருப்பு ஏறியது. அதேமாதிரிப் பலகைகளைக் கழற்றுவதற்கு இன்னும் வரிசையில் நிற்கும் கட்டடங்கள் எத்தனையோ. பலகையைக் கழற்ற வருடக்கணக்கில் நாள் எடுக்கிறவர்கள், பிள்ளையின் காலுறையைக் கழற்ற ஏழு நாள் தவணை கொடுக்கிறார்கள். உண்மையிலேயே நெருப்புத்தான் கவலை என்றால் மொட்டைமாடியில் அல்லது முற்றத்தில் பொது இடம் ஒதுக்குங்கள். அதைக் கேட்டால் பேச்சு வேறெங்கோ போகும்.

மூன்றாவது, மெஷின் வாங்கு. சூடேற்றிக் காயவைக்கும் சாதாரண ட்றையர் ஒருமுறைக்கு நாலு, ஐந்து யூனிற் மின்சாரம் தின்னும். ஒரு யூனிற் 25 பென்ஸ் என்று பார்த்தால் ஒருமுறைக்கு ஒரு பவுணுக்கு மேலே. நாலு பேர் உள்ள வீட்டில் கிழமைக்கு நாலு முறை தோய்த்தால் மாதம் இருபது பவுண் காற்றில் போகிறது. பாதிச் செலவில் ஓடும் புது வகை இருக்கிறது, விலை கூட. வைக்க இடம்? குசினிக்குள் பிரிட்ஜும் தோய்க்கிற மெஷினும் வைத்த பிறகு ஆள் திரும்பவே இடமில்லை.

நான்காவதைச் சொல்கிறவர்கள் வீட்டுக்காரர் இல்லை, எங்கட ஆக்கள்தான். "உந்தக் குளிருக்க எங்க காயப்போகுது?" காயும். முழுதாகக் காயாது, அவ்வளவுதான். உடுப்புக் காய்வதற்கு வெயில் உதவி செய்யும், ஆனால் வேலையின் பெரும்பங்கு காற்றினுடையது. உடுப்பைச் சுற்றி ஈரமான காற்று தேங்கி நிற்காமல் புதுக் காற்று வந்துகொண்டே இருந்தால் 5 பாகையிலும் தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும். கனடாவில், ஸ்கொட்லாந்து மலைப்பக்கத்தில், உடுப்பு கொடியிலேயே பலகை மாதிரி விறைத்துப் போகும். அந்தப் பனிக்கட்டிகூட உருகாமல் நேரே ஆவியாகும். நப்தலீன் உருண்டை அலுமாரிக்குள் கரைந்து காணாமல் போவதைப் பதங்கமாதல் என்று படித்தோமே, அதேதான். மூடுபனி இறங்கி அசையாமல் நிற்கும் கார்த்திகை நாளில் ஒன்றும் காயாது, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் காற்றடிக்கும் தை, மாசி நாளில் காலை பத்து மணிக்குப் போட்டு மூன்று மணிக்கு எடுத்தால் மெல்லிய உடுப்பு முக்கால்வாசி காய்ந்திருக்கும், ஜீன்ஸ் பாதி. இரண்டு லீற்றரில் முதல் லீற்றர் வெளியே போய்விட்டது. மிச்சத்தை உள்ளே போட்டால் வீடு தாங்கும். குளிர்காலத்தில் வெளியே போடுவது முழுக்கக் காயவைக்க என்று நினைப்பதால்தான் எங்கள் சனம் ஒக்ரோபரோடு கொடியைச் சுருட்டி வைத்துவிடுகிறது.

அதற்குப் பின்னால் வேறொன்றும் இருக்கிறது. கௌரவம். புதிதாக வந்த பெடியனுக்கு வட்ஸ்அப்பில் முதலில் சொல்லிக்கொடுப்பது: "வெளியில உடுப்புப் போடாத, வெள்ளைக்காரன் பார்த்தா என்ன நினைப்பான்?" பின்வளவு உள்ள சொந்த வீடு வாங்கிய பிறகும் வேலிக்கு மேலே தெரியாத உயரத்தில் கொடி கட்டுகிறவர்களை எனக்குத் தெரியும். ஊரில் எல்லா வீட்டு முற்றத்திலும் கொடி இருந்தது, வெட்கம் இல்லை. ஆனால் ஊரில் உடுப்பு வெளுப்பதற்கென்று ஒரு சாதியை வைத்திருந்தோம். அவர்களைப் பின்வாசலால் வரச் சொன்னோம், எங்கள் தீட்டுத் துணியை அவர்களிடம் கொடுத்துவிட்டுத் தொட்டால் தீட்டு என்றோம். ஈரத்துணியை மற்றவர் காணத் தொங்கவிடுவது கீழான வேலை என்ற எண்ணம் வெள்ளைக்காரனிடமிருந்து மட்டும் தொற்றியது என்று சொல்லித் தப்ப ஏலாது. வீட்டுச் சொந்தக்காரரானதும் அதே வரியை அதே ஆங்கிலத்தில் ஒப்பந்தத்தில் போடுகிற தமிழர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு கதைத்துப் பாருங்கள், பூஞ்சணம் பற்றிக் கேட்டால் வாடகைக்கு இருக்கிற பெடியள் "காத்தோட்டமா வச்சிருக்கிறேல்லை" என்பார்கள்.

சட்டத்தால் இதை மாற்ற முடியும் என்பதற்கு உதாரணம் இருக்கிறது. கனடாவில் ஒன்ராறியோ மாகாணம் 2008 இல், கொடி கட்டக்கூடாது என்று கட்டட ஒப்பந்தங்களில் இருந்த தடைகளைச் செல்லாததாக்கியது. ஆனால் நிலத்தோடு கூடிய வீடுகளுக்கு மட்டும். உயர்ந்த தொடர்மாடிகளை விட்டுவிட்டார்கள். ஸ்காபரோவில் எங்கள் சனம் முதலில் வந்து குடியேறிய கோபுரங்களை நினைத்துக்கொள்ளுங்கள். முற்றம் இருந்தவனுக்குக் கொடி கிடைத்தது, பல்கனி மட்டும் இருந்தவனுக்கு இல்லை. இங்கிலாந்தில் 2007 இலிருந்து நிலைபேறான வீடுகளுக்கென்று ஒரு அளவுகோல் இருந்தது. உடுப்புக் காயவைக்க இடம் வைத்தால் ஒரு புள்ளி. இரண்டு படுக்கையறை வரைக்கும் 4 மீற்றர் கொடி, அதற்கு மேல் 6 மீற்றர். கேட்டது அவ்வளவுதான், ஒரு கயிறு. 2015 இல் அந்த அளவுகோலையே எடுத்துவிட்டார்கள்.

அந்த 4 மீற்றரைத் திரும்பக் கேட்க வேண்டும், புள்ளியாக இல்லாமல் கட்டாய விதியாக. குடியிருப்பாளர் கூட்டங்களுக்கு நாங்கள் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயில், திங்கட்கிழமை வேலை. போகிறவர்கள் வீட்டை வாங்கி விற்க வந்தவர்கள், அவர்கள் விலையைப் பற்றித்தான் கதைப்பார்கள். அடுத்த கூட்டத்துக்கு ஒருவராவது போய் பல்கனிச் சுவர் உயரத்துக்குக் கீழே மடக்குக் கொடி வைக்க அனுமதி கேளுங்கள். மறுத்தால் எழுத்தில் மறுக்கச் சொல்லுங்கள். பிறகு பூஞ்சணம் பற்றி முறைப்பாடு கொடுக்கும்போது அந்த மறுப்பையும் சேர்த்து அனுப்பலாம். உள்ளே காயப்போட்டது உங்கள் பழக்கம் அல்ல, அவர்களின் கட்டளை என்று அதில் அவர்களே கையெழுத்து வைத்திருப்பார்கள்.

அதுவரைக்கும் செய்யக்கூடியது: மெஷினில் இரண்டாவது தடவை வெறும் சுழற்சி மட்டும் ஓடவிடுங்கோ, ட்றையரோடு ஒப்பிட்டால் சில்லறைக் காசு. சேட்டை ஹங்கரில் போடுங்கோ, ஜீன்ஸை உள்பக்கம் வெளியாகத் திருப்பி இடுப்பில் கிளிப் குத்துங்கோ, இரண்டு உடுப்புக்கு நடுவில் கை போகிற இடைவெளி விடுங்கோ. டிசெம்பரில் லண்டனில் நாலு மணிக்கு முன்னமே சூரியன் விழுந்துவிடும், அதற்குப் பிறகு பனி திரும்ப இறங்கும், மூன்று மணிக்குள் எடுத்துவிட வேண்டும். இன்னொன்று. அம்மாமார் பழக்கிவிட்டபடி உள்ளுடுப்பைக் கொடியின் கடைசியில் போட்டு அதற்கு மேலே துவாயை மூடிவிடாதேங்கோ. இரண்டும் காயாது.